கஞ்சிக்கார சுடலையம்மாள்

எங்கள் பேப்பர் மில்லில் சுடலையம்மாள் என்றால் யாருக்கும் தெரியாது. கஞ்சிக்கார அக்கா என்றால்தான் தெரியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து நோட்டுத் தாள் செய்கிற சின்ன மில் அது. அரைத்த கூழை அப்படியே மிசினில் ஓட்டினால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கலந்தால்தான் உறுதி. அந்தக் கஞ்சி இருபத்திரண்டு வருசமாக அக்கா பொறுப்பு. சுவரில் தொங்கும் மீட்டரை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்துப் பிரிப்பாள். கஞ்சி நூலாக இழுபட்டால், அதைக் கூழில் விட வால்வைத் திறப்பாள். வத்திராயிருப்பு வீட்டில் புருசன் படுத்த படுக்கை. இந்த வேலை போனால் அங்கே அடுப்பு எரியாது.

போன வருசம் ஜெயபாண்டி மேனேஜராக வந்தார். வந்ததும் வராததுமாக மாவைப் பாதியாகக் குறைத்தார். பதிலுக்குச் சுண்ணாம்புக்கல் பவுடர், மூட்டை மூட்டையாக. தாள் பளிச்சென்று ஆனது. பார்க்கிறவன் எல்லாம் மயங்கினான்.

"சார், மினுக்குறதுக்கு அது போதும். கிழியாம இருக்கதுக்கு மாவு வேணும்ல?" என்றாள் அக்கா.

"உன் வேலைய மட்டும் பாரும்மா. தாளை எவன் இழுத்துப் பாக்கப் போறான்?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். ரப்பர் வைத்து அழித்த இடமெல்லாம் ஓட்டை. நாலு லாரி நோட்டு திரும்பி வந்தது. முதலாளி குதித்தார். மேனேஜர் கொஞ்சமும் கூசாமல், "கஞ்சி சரியாக் காய்ச்சல" என்று அக்காவைக் கைகாட்டினார்.

தாள் அடுக்குகிற என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நடந்தது அம்புட்டும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

"என் கவனக்குறைவுன்னு எழுதிக் குடு. குப்பை பிரிக்கிற பக்கம் வேலை தாரேன். இல்லேன்னா கேட்டுக்கு வெளிய போ" என்றார் மேனேஜர்.

மேசையில் கிடந்த எங்கள் மில் தாளில் அக்கா எழுதத் தொடங்கினாள். அவளுக்கு அழுத்தி எழுதுகிற கை. இரண்டாவது வரியில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேசையில் இறங்கியது.

நிமிர்ந்தாள். "பாத்தீகளா சார்? நான் சொல்ல வேண்டாம், தாளே சொல்லுது."

இப்போதாவது அந்த ஆள் வெட்கப்படுவார் என்று என் பாவி மனசு நினைத்தது. ஜெயபாண்டி டிராயரைத் திறந்து, வெளியூர்க் கம்பெனித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல எழுது."

அக்கா அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அழுத்தி அழுத்தி முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நல்ல தாள். எங்கேயும் கிழியவில்லை.