ஈ விரட்டியும் ஒரு விரலும்

ஒயரின் ஊசிமுனையை வாயால் ஊதி, "பிஸ்மி" சொல்லி ஓட்டையில் செருகியதும் ஜெய்னுலாபுதீன் காதைக் கீழே கொண்டுபோகிறார். ஜம்பர் ஒயர் சரியாக உட்கார்ந்தால் ஒரு சத்தம் கேட்கும் என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்க்கும் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

குவைத் துணிக்கடையில் காலமெல்லாம் நின்றுவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியவர், கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை இது. பேரீச்சம்பழ டப்பா நிறைய வண்ண ஒயர்கள் சுருண்டு கிடக்கும். அவற்றைச் செருகும் துளைத்துளையான வெள்ளைப் பலகையை மனைவி ரோஷன் பேகம் "இடியாப்பத் தட்டு" என்பார். அதில் பிறந்த மழை எச்சரிக்கை மணி, மழை விட்ட பிறகு அடிக்கும்.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஒயர் கழலாதே என்று கேட்டேன்.

"ஈயம் வச்சிட்டா முடிஞ்சி போச்சிங்க. அப்பறம் மனசு மாற முடியாது."

"நம்ம நிக்காஹ்வ ஈயம் வச்சித்தான் பண்ணாங்க, ஞாபகம் இருக்கட்டும்!" உள்ளேயிருந்து ரோஷன் பேகம்.

இப்போதைய படைப்பு, ஈ விரட்டி. சின்ன மோட்டார், அதன் தலையில் மெதுவாகச் சுற்றும் இரண்டு ரிப்பன்கள். கறுப்பு ஒயர் போகும் ஓட்டை மட்டும் லொடலொடவென்று ஆகிவிட்டது. மகள் நௌஷினின் முக்காட்டு ஊசியை அதில் விட்டுச் சோதித்ததன் பலன். விரலால் அழுத்திப் பிடித்தால் சுற்றும், எடுத்தால் நிற்கும்.

"பக்கத்து ஓட்டையில செருகுங்க வாப்பா. ரெண்டும் ஒரே வரிசதானே, அதுலயும் கரண்டு வருமே?"

"இதுலதாம்மா மொதமொத சுத்துச்சி. ராசியான ஓட்ட."

நௌஷினின் நிக்காஹ் தேதியைப் பேச மாப்பிள்ளையின் தகப்பனார் சேக் அலாவுதீன் வந்த அன்று நானும் இருந்தேன். டீ ஆறியிருந்தது என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே விட்டுவிட்டு எழுந்துபோனவர் அவர். நௌஷினுக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது.

"இன்னக்கி ஒருநா அந்த இடியாப்பத் தட்ட உள்ள தூக்கி வைங்களேன்" என்று ரோஷன் பேகம் கெஞ்சினார்.

"அல்வாவுல ஈ மொய்ச்சா அது மரியாதயா?"

வந்தவர் சலாம் சொல்லி, வழக்கப்படி இரண்டு கைகளையும் நீட்டினார். பாயில் விரட்டியோடு குந்தியிருந்த ஜெய்னுலாபுதீன் பாதி எழுந்து வலக்கையை மட்டும் கொடுத்தார்.

"இடது கைக்கி என்ன பாய்?"

"ஒயர்ல இருக்குங்க."

"ஷாக் அடிக்கிமா?"

"இல்லிங்க. விட்டா நின்னுடும்."

உள்ளறையில் வளையல் சத்தம் நின்றது. சேக் அலாவுதீன் பாயில் உட்கார்ந்தார். ஓர் ஈ அல்வாவில் இறங்கப் பார்த்தது. ரிப்பன் வந்ததும் விலகியது. மறுபடி வந்தது, மறுபடி விலகியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெய்ச்சோறு ஆறுது! தட்டத் தூக்க ஆள் வேணும்!" ரோஷன் பேகத்தின் குரல் உடைந்தது.

ஜெய்னுலாபுதீன் ஈயைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். அசையவில்லை.

சேக் அலாவுதீன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். "எங்கன அழுத்தணும்?"

"இந்தக் கறுப்பு. மெல்ல... ஆங், அப்படித்தான்."

"போங்க. சோறு ஆறக்கூடாது."

பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் இறக்கி வைத்ததும் ஜெய்னுலாபுதீனுக்கு விட்டுப்போன மரியாதை நினைவுக்கு வந்தது. துண்டில் கையைத் துடைத்து, சலாம் சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வர்ற மாசமே வச்சிக்கலாமா சம்பந்தி?" என்றபடி, ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்காமல், சேக் அலாவுதீன் வலக்கையை மட்டும் நீட்டினார்.