விடிந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்

நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தைந்து மேள அடி. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் ஒன்றுகூடக் குறையவில்லை. என் தம்பியைக் கொண்டுபோன அந்தச் சங்கீதத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது இந்த எண் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவனைக் கேட்க இப்போது வழியில்லை.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தேன். ஆள் எண்ணுவது, மூட்டை எண்ணுவது, மழையை அளந்து எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன், நாளைக்கு ஏழு. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு முன்பு எழுநூறு தப்படி, இப்போது எண்ணூற்று இருபது. தூரம் கூடவில்லை, என் தப்படிதான் சுருங்கிவிட்டது.

தம்பி எனக்குப் பதினோரு வயது இளையவன். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவனை ஆளாக்கியது நான்தான். டவுனில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தான். எழுபதுகளின் நடுவில் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் ஐந்து வெள்ளைக்காரர்கள் வந்து தங்கினார்கள். குளிர்காலத்தில் கோவாக் கடற்கரை, வெயில் ஏறினால் ஏதாவது ஒரு மலை என்று திரிகிறவர்கள். அந்த வருடம் எங்கள் மலை அகப்பட்டது. அவர்களுடைய டேப் ரெக்கார்டரில் ரப்பர் பெல்ட் தளர்ந்து, பாடுகிறவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இழுத்தது. தம்பி போய்ச் சரிசெய்து கொடுத்தான். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். உட்கார்ந்து கேட்டுவிட்டான்.

அப்போது அவர்கள் கேட்டது கிட்டார் பாட்டுகள். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், மழைக்கால மத்தியானம் மாதிரி எங்கே ஆரம்பித்தது எங்கே முடியும் என்று தெரியாது. அதை நான் எண்ணவில்லை. அந்தக் காலத்திலேயே எண்ணி, பயந்து, தம்பியின் கடையை மூடச் சொல்லியிருந்தால் என்று இப்போது யோசிப்பேன். அவன் மூடியிருக்கமாட்டான்.

ஐந்தாறு வருடம் கழித்து அவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். ஆறடி மூன்று அங்குலம் இருப்பான். நெட்டையன் என்றே சொல்கிறேன். பெட்டி நிறைய வேறு மாதிரி கேசட்டுகள். அவர்கள் ஊர்களில் மெஷினை வைத்தே மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தார்களாம். நெட்டையனுக்கு அதில் ஒரே குறை: நடுவில் யாராவது வாயைத் திறந்து பாடிவிடுகிறார்கள், காதலி போய்விட்டாள், திரும்பி வா என்று. ஆடுகிறவன் தன்னை மறந்து போய்க்கொண்டிருக்கும்போது இன்னொருவனுடைய வீட்டுக் கதை எதற்கு? பாட்டை எடுத்துவிட்டு மேளத்தை மட்டும் வைக்க முடியுமா என்று தம்பியைக் கேட்டான்.

தம்பி இரண்டு ரெக்கார்டரை வயரால் இணைத்தான். ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதிவு செய்து, பாடகன் வாய் திறக்கப்போகிற இடத்தில் சட்டென்று நிறுத்தி, கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி அதே மேளத்தைச் சேர்க்கவேண்டும். அரை நொடி பிசகினால் தாளம் நொண்டும். அவனுக்கு விரல் சுத்தம், எண்ணிக்கை வராது.

“அண்ணா, உங்களாட்ட எண்ணறதுக்கு இந்த மலையில யாருங்க இருக்கறாங்க? செத்த உக்காருங்க.”

“இது பாட்டா, தகரம் தட்டறதான்னே எனக்குத் தெரியலடா.”

“தெரிய வேண்டாமுங்ண்ணா. எண்ணுங்க, போதும்.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். நான் முப்பத்திரண்டு வரை எண்ணுவேன். முப்பத்திரண்டில் அவன் விரல் இறங்கும். நான்கு நிமிடப் பாட்டு பதினான்கு நிமிடம் ஆகிவிடும், அதில் ஒரு வார்த்தை இருக்காது. ஒரு கேசட்டின் வாலோடு இன்னொன்றின் தலையைப் பொருத்தி, கோவாக் கடற்கரையில் இராத்திரி முழுக்க ஓட்டுவார்களாம். இரண்டுக்கும் வேகம் ஒத்துப்போகாவிட்டால் ஆடுகிறவர்களின் கால் இடறும். அதனால் ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று என் கையால் எழுதினேன். முதலில் நூற்றுப் பதினைந்து, நூற்றிருபது. பிறகு நூற்று இருபத்தெட்டு. பிறகு நூற்று முப்பத்தாறு. அந்த அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்திருந்தால் காய்ச்சல் ஏறுவது எனக்கே தெரிந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் பாட்டை வெட்டியெடுக்கிற வேலையே இல்லாமல் போயிற்று. அந்தக் கடற்கரையில் ஆடினவர்களே தங்கள் நாடுகளுக்குப் போய், அந்தக் கடற்கரைக்கென்றே சங்கீதம் செய்து, கேசட்டில் பாதி அளவுள்ள புதுவகை டேப்பில் கொண்டுவந்தார்கள். பிறக்கும்போதே அதற்கு வார்த்தை கிடையாது. அடியில் நிற்காத ஒரே இடி. மேலே உருகிய ஈயம் போல் ஏதோ ஒன்று வளைந்து ஓடும். தம்பி வருத்தப்படவில்லை. அதற்குள் அவனே மேஜைக்குப் பின்னால் நின்று டேப் ஓட்டி ஆட்டுவிக்கிறவனாக ஆகியிருந்தான். நவம்பரில் கோவாவுக்குப் போவான், ஏப்ரலில் வருவான். எஸ்டேட் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். ஐம்பத்தெட்டு கிலோவாகப் போனவன் ஐம்பத்தொன்றாக வந்தான். மறு வருடம் நாற்பத்தேழு. வந்தால் மூன்று நாள் தூங்குவான். நாக்கில் வைத்தால் போதை ஏறும் சின்னத் தாள் ஒன்றைப் பற்றி டவுனில் பேசிக்கொண்டார்கள்.

“ஏன்டா சாமி, அந்தத் தாள்ல என்னடா இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்ண்ணா. சத்தம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.”

மறுநாள் அவனை மறுபடியும் தராசில் ஏற்றினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் கோவாவில் போலீஸ் கெடுபிடி அதிகமாகி, நெட்டையன் எங்கள் மலையில் ஒரு ஆட்டம் வைத்துப் பார்க்கலாம் என்றான். நன்றாக நடந்தால் கொட்டச்சேடு பக்கம் பங்களா எடுத்து ரெக்கார்டிங் அறை போடுவான். அதைத் தம்பி பார்த்துக்கொள்வான். “அப்புறம் நான் எங்கீயும் போகமாட்டனுங்ண்ணா” என்றான் தம்பி. நாற்பது வயது அவனுக்கு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். மேனேஜர் வெளியூர் போயிருந்த வாரத்தில், யாரையும் கேட்காமல், எஸ்டேட் களத்தை ஆட்டத்துக்குக் கொடுத்தேன்.

ஜனவரி மாதம். களம் முழுக்க, தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு நாள் வெயில் மட்டுமே கண்ட கொட்டை. சாயங்காலம் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதும், காலையில் வெயில் வந்ததும் பரப்புவதும் எப்போதும் நடப்பதுதான். கோயில் விசேஷமோ, கல்யாணமோ, இராத்திரி முழுக்க மேளம் கொட்டினாலும் விடிந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள். ஆறு மணிக்கு இவர்கள் முடிப்பார்கள், ஏழரைக்குப் பெண்கள் வேலைக்கு வருவார்கள், எட்டுக்குக் கொட்டையைப் பரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தம்பியிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பான்.

விடிகாலை ஆறு மணிக்குப் போனேன். அறுபத்து மூன்று பேர். முடிக்கிற அறிகுறியே இல்லை. சவுக்கு மரங்களுக்கு மேலே சூரியன் தலைகாட்டியபோது எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அவர்கள் இராத்திரியெல்லாம் ஆடியது இந்த விடியலுக்காக. அவர்களுக்கு ஆட்டமே இனிமேல்தான்.

ஏழரைக்கு முப்பத்தெட்டுப் பெண்கள் வந்து களத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“ஏனுங்க ரைட்டருங்க, இவங்களுக்கும் பேரு எழுதோணுங்களா?”

“எழுதுனா அரை ஆளுதான் போடோணும்க்கா. நின்ன எடத்துலயே காலத் தூக்கறாங்க, ஒரு வேலையும் ஆவல” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“சாமி வந்தவங்கன்னா தண்ணி தெளிச்சா நிக்கும். இவங்க மேல ஏரியவே கொண்டாந்து ஊத்தோணுமாட்ட இருக்குது!”

எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. தார்ப்பாய்க்குள் கையை விட்டேன். குவியல் சூடாக இருந்தது. புளித்த வாடை கையில் ஒட்டிக்கொண்டது. தம்பியிடம் போனேன். இரண்டு மெஷினுக்கு நடுவில், ஒரு காதில் ஹெட்போனோடு நின்றான். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது அங்கே நின்றுதான்.

“போதும்டா. கொட்டை கெடுது.”

“பத்தே நிமிஷமுங்ண்ணா. இப்பத்தான் மேல ஏறியிருக்கறாங்க. இப்ப நிறுத்துனா நொம்பக் கஷ்டமாயிரும்.”

அரை மணி கழித்துப் போனேன். அதே பத்து நிமிடம். மூன்றாவது தடவை போனபோது அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தை மூடினான்.

“பத்துப் பன்னண்டு வருசமா நான் பண்ணிட்டிருந்தது இதுதானுங்ண்ணா. ஒரே ஒரு தடவ எண்ணாம கேளுங்க.”

கேட்டேன். கேட்டதாகத்தான் நினைக்கிறேன். ஆனால் குவியல் என் முதுகுக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தது. மேனேஜரின் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது ரோட்டில் இருந்தது. அவன் கையை விலக்கினேன். மணி பத்து நாற்பது. இன்ஜின் ஷெட்டுக்கு நடந்து போய், ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. அறுபத்து மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். சுவரில் இருந்த பெண்கள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். தம்பி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

“நிறுத்தப் போறீங்கன்னு சொல்லியிருந்தா இவங்கள மெல்ல எறக்கி உட்டிருப்பனுங்களே” என்றான்.

தார்ப்பாயை விலக்கினோம். பதினோரு மூட்டைக்கான கொட்டை. நிறம் மாறி, வாடை தலைக்கேறியது. ஒன்பது மணிக்கு நான் கையை விட்டபோதே கெட்டிருக்கவேண்டும். நான் நிறுத்தியதால் ஒரு கொட்டையும் மிஞ்சவில்லை. பன்னிரண்டு மணிக்கு வேன்கள் குப்பனூர் ரோட்டில் இறங்கின. இரண்டாவது வேனில் தம்பி ஏறினான். அடிவாரம் வரை வழியனுப்பிவிட்டுத் திரும்புவான் என்று நினைத்து, நான் கையில் பலகையோடு கெட்ட கொட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வேலை போகவில்லை. மேனேஜர் கத்திவிட்டு விட்டுவிட்டார். வேலை போயிருந்தால் அன்றைக்கே அவன் பின்னால் போயிருப்பேன்.

அவனிடமிருந்து இரண்டு தபால் அட்டைகள் வந்தன, அவன் விலாசம் இல்லாமல். ஜூன் மாதம் எனக்கு லீவு கிடைத்தது, கோவாவுக்குப் போனேன். கடற்கரையில் மழை, கீற்றுக் கடைகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். நவம்பரில் வா என்று ஒருவன் சைகை காட்டினான். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பி எடுப்பு, எந்த ரைட்டருக்கும் லீவு கிடையாது. ஏழு நவம்பர் அப்படிப் போயின.

ஓய்வு பெற்ற வருடம் டிசம்பரில் போனேன். கூட்டம் இருந்தது, சத்தமும் இருந்தது. அவனை அறிந்தவர்கள் யாரும் இல்லை. நான்காம் நாள், தர்மபுரிப் பக்கத்து ஆள் ஒருவர் வைத்திருந்த டீக்கடையில் கேட்டேன்.

“கேசட்டுக்காரருங்களா? நம்ம கடையிலதான் டீ குடிப்பாருங்க. மூணு வருசம் ஆச்சு. காது சுத்தமாப் போயிருச்சு, பாவம். ஒரு வெள்ளக்காரம்மா கூட்டீட்டுப் போயிருச்சு. எந்த நாடுன்னு தெரியலீங்க.”

“ஊருல யாராச்சும் இருக்கறதாச் சொன்னானா?”

“ஒரு அண்ணன் இருந்தாராமுங்க. செத்துட்டாருன்னு சொன்னாரு.” டம்ளரைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?”

“ஒரே ஊரு” என்றேன்.

“அப்பச் சரி, பேரும் அட்ரஸும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அந்தம்மா எப்பவாச்சும் வந்தா சொல்றேன்.”

ஒரு துண்டுத் தாளும் பேனாவும் கொடுத்தார். பெயரை எழுதினால் யார் என்று தெரிந்துவிடும். செத்தவன் எப்படி வந்து டீ குடிக்கிறான் என்று கேட்பார். கண்ணாடியை மறந்துவிட்டேன், நாளைக்கு வந்து எழுதுகிறேன் என்று சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன்.