வேலியில் ஒரு பொட்டு

பக்கத்துப் பண்ணை ஹெலன் தருகிற தேத்தண்ணி மண்ணெண்ணெய் மணக்கும். முகம் கோணாமல் அதைக் குடித்து முடிக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். கணவரை இழந்து மாடுகளை நம்பி வாழ்கிறவர். என் கணவருக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்து, எங்கள் ஊரான நெடுங்கேணியிலிருந்து கப்பலேறி இந்தக் கனடாச் சமவெளிக்கு வந்தபோது, முதல் நாளே பாலோடு வாசலில் வந்து நின்ற மனுஷி.

முன்பு அவருடைய கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். போன வருடம் அவருடைய வயலுக்கு அப்பால் எண்ணெய்க் கொம்பனி ஒன்று துளை போட்டது. எண்ணெய் ஊறி வரட்டும் என்று தண்ணீரையும் மணலையும் பெரும் விசையோடு இறக்கி, அடியில் கிடந்த பாறையைப் பிளந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மணம். மாடுகள் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். கொம்பனி ஆள் வந்து பார்த்து, இந்தப் பக்கத்துத் தண்ணீரே இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல கதை! மாடுகளை விற்றுவிட்டுப் பட்டணத்துத் தங்கையிடம் போகப் போவதாக ஹெலன் சொல்லத் தொடங்கினார்.

ஊரில் நாங்களும் பாறை உடைத்தவர்கள்தான். பக்கத்து வளவுக் கனகலிங்கண்ணை தன் கிணற்றுக்கு வெடி வைக்க முன்னமே எங்கள் வீடு தேடி வந்து, குடம் குட்டியெல்லாம் நிரப்பி வைக்கச் சொன்னார். வெடித்த கையோடு எங்கள் கிணறு வற்றிவிட்டது. அன்று பின்னேரமே வேலியில் கதிகால் இரண்டைப் பிடுங்கி, ஆள் நுழைய ஒரு பொட்டு வைத்தார்.

"அக்கா, தண்ணி இஞ்சாலை எங்கட கிணத்துக்கு வந்திட்டுது. நீங்களும் வாங்கோ," என்றார் அம்மாவிடம்.

அந்த நினைப்பில்தான் நானும் செய்தேன். ஹெலன் பட்டணம் போயிருந்த நேரம், எங்கள் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு, குறடெடுத்து நடுவிலிருந்த முட்கம்பியை வெட்டினேன். ஊரில் வேலி மனிதருக்கு. இங்கே அது மாட்டுக்கு என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. மாடுகள் அத்தனையும் எங்கள் வளவுக்குள். நான் ஆசையாக வைத்த கோவாப் பாத்தி துவம்சம். யார் என் வேலியை வெட்டியது என்று ஹெலன் முகம் சிவக்க ஓடி வந்தார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் அரைகுறை ஆங்கிலத்தில் கனகலிங்கண்ணையின் கதையைச் சொன்னேன். ஹெலனுக்குப் பாதிகூட விளங்கியிராது. அவருடைய கண் மாடுகளில் இருந்தது. அவை தொட்டியில் வாய் வைத்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தன. அப்படியே புல்லில் குந்தியிருந்து அழுதார். அடுத்த நாள் அந்த இடத்தில் ஆள் வந்துபோகத் தானே ஒரு படலை போட்டார்.

இப்போது கொம்பனியின் இயந்திரம் எங்கள் பக்கமாக நகர்ந்து வருகிறது. நேற்றுத் தண்ணீர் எடுக்க வந்த ஹெலன், இதுவும் கெட்டுவிட்டால் எங்கே போவது என்று கேட்டார். யோசியாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

"எங்கட ஊருக்குப் போவம்."

விளங்கியது போலத் தலையாட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் நினைவு வந்தது, ஊரில் இருந்த எங்கள் காணியை விற்றுவிட்டுத்தான் நாங்கள் கப்பலேறினோம்.