கம்பெனி பஸ்ஸில் ஒரு சார் சீட்

நான் ஓய்வு பெற்ற அன்று மேடையேறிப் பேசியவர்கள் ஆளாளுக்கு என் நேரந்தவறாமையைப் பற்றியே பேசினார்கள். நான் நடத்திய பாடத்தைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அத்தனை வருஷம் வரலாறு கற்பித்தவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். மாலை கழுத்தை அரிக்க, நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாருக்கு என்ன அடக்கம் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அடக்கமெல்லாம் இல்லை. மேடை என்றும் பாராமல் எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றிக்கொண்டிருந்தது.

எண்பதுகளில் ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தேன். முதலில் ஊருக்குள்ளேயே வீடு எடுத்தோம். தோல் பதனிடும் வாடை என் மூக்குக்கு ஒரே மாதத்தில் பழகிவிட்டது. என் மனைவியின் மூக்கு அப்படிப்பட்டதல்ல. "இந்த வாடையில எனக்குச் சோறு எறங்கல, வேற எடம் பாருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பார்த்தேன். மாதனூர் தாண்டி ஒரு கிராமத்தில், நெல் மில்லுக்குப் பின்னால் காற்றோட்டமான வீடு கிடைத்தது. வாடை போன கையோடு பஸ்ஸும் போய்விட்டது. காலையில் வருகிற டவுன் பஸ் படிக்கட்டு வரை ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் நிறுத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும்.

அப்போதுதான் ஷூ கம்பெனி பஸ் வாய்த்தது. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் போகிற வண்டி. ஒருநாள் நான் ரோட்டில் நின்று கையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து இரக்கப்பட்ட டிரைவர், "ஏறுங்க சார், காலேஜ் வாசல்ல எறக்கி விட்டுட்றேன்" என்றார். வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பான உத்தரவு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாளும் போய் நின்றேன். ஒரு வாரத்துக்குள் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இருக்கை சார் சீட் ஆகிவிட்டது. உட்கார இடமில்லாமல் நிற்கிற பெண்கள்கூட அதில் உட்கார மாட்டார்கள்.

அந்தப் பயணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லோரும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் வேலை செய்பவர்கள். வாய் ஓயாது. "இன்னா சார், மூஞ்சி டல்லா கீது? வூட்ல சண்டையா?" என்று நேராகவே கேட்பார்கள். கல்லூரியில் என்னிடம் இப்படிக் கேட்கப் பிரின்ஸிபாலுக்குக்கூடத் தைரியம் கிடையாது. கம்பெனி ஷிப்டு சீக்கிரம் தொடங்குவதால் கல்லூரி வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்கு முன்பே நான் போய் நின்றுவிடுவேன். என் நேரந்தவறாமையின் புகழ் இப்படித்தான் பரவியது. நானும் அதை நம்பிவிட்டேன். மணி அடித்தபின் ஒரு மாணவன் வந்தாலும் வகுப்புக் கதவைத் தாழ் போட்டுவிடுவேன்.

இதில் எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. நான் இரண்டாவது காபியையும் குடித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நிதானமாக நடந்து மில் சுவரைத் தாண்டுவேன். சுவரைத் தாண்டினால்தான் ரோடு கண்ணில் படும். பார்த்தால் பஸ் நின்றுகொண்டிருக்கும், கடைசிப் பெண் படியில் கால் வைத்துக்கொண்டிருப்பாள். தினமும் இப்படித்தான். சார் சீட் கிடைத்த பிறகு ஒருநாள்கூட நான் காத்திருந்ததில்லை, ஓடியதுமில்லை. "திட்டம் போட்டு வாழ்ந்தா இப்படித்தான்" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிற ஒரு பெண் இதற்கு நேர் எதிர். சின்ன வயசு, கைக்குழந்தைக்காரி. ஏரிக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வரப்பு மேலே ஓடி வருவாள். வண்டி நகர ஆரம்பித்திருக்கும். படியில் நிற்பவர்கள் கையைப் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள். மூச்சு வாங்கியபடி சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுந்திரிச்சா இந்த ஓட்டம் வேணாமே அம்மா? என்னைப் பாரு, ஒருநாளாவது ஓடி வந்திருக்கேனா?" என்பேன். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆசிரியர் சொல்லுக்கு என்ன மரியாதை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சில நாட்கள் அவளால் ஓடிப் பிடிக்க முடியாது. பஸ் போய்விடும். டவுன் பஸ்ஸைப் பிடித்து அவள் போய்ச் சேருவதற்குள் கம்பெனி கேட் சாத்தியிருக்கும். அவள் இன்னும் பெர்மனென்ட் ஆகாத பயிற்சிக்காரி. ஒரு நாள் அவளைக் காணோம். மறுநாளும் இல்லை. கேட்டதற்கு, "லேட்டு ஜாஸ்தியாய்டுச்சின்னு நிறுத்திட்டாங்க சார்" என்றார்கள். "சொன்னேன், கேட்டாளா?" என்றேன். எல்லோரும் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் டிரைவர் காய்ச்சலில் படுத்தார். வேறு வழித்தட டிரைவர் வந்தார். நான் வழக்கம்போல மில் சுவரைத் தாண்டினேன். ரோடு காலியாக இருந்தது. நிறுத்தத்து டீக்கடைக்காரரிடம், "என்னய்யா இது, புது ஆளு முன்னாடியே எடுத்துட்டுப் போய்ட்டானே!" என்று கத்தினேன்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அவன் கரெக்டாத்தான் போறான் சார். நம்ம ஆளுதான் தெனம் உங்களுக்கோசரம் நிப்பாட்டி வெச்சினு இருப்பாரு."

அன்று நெடுநேரம் நின்று, கிடைத்த டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். வகுப்புக்குப் பிந்திவிட்டேன். கதவு திறந்தே இருந்தது, மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

டிரைவர் திரும்பி வந்ததும் பஸ்ஸிலேயே எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து நெளிந்தார். அவருக்குப் பதிலாக, தையல் பிரிவில் மூத்தவரான ஓர் அம்மாள் பேசினார். "நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தி கீழவே நிப்பா சார். நீங்க செவுத்தாண்ட வந்ததும் ஏறிப்பா. பஸ்ஸு நின்னுனு இருந்துச்சின்னு தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான். ஹாரன் அடிச்சாலும் மரியாதையா இருக்காது இல்ல?"

"அப்போ நேரமாகாதா?"

"அடுத்த ஸ்டாப்புல யாருக்கோசரமும் நிக்காம புடிச்சுடுவேன் சார்" என்றார் டிரைவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கியரை மாற்றுவதில் மும்முரமானார்.

அடுத்த நிறுத்தத்தில் அவளுக்கு உரிய நேரத்தைத்தான் நான் இரண்டாவது காபியோடு குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். குடித்தது போதாதென்று அவளுக்குப் புத்திமதி வேறு.

"அவளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமயா?" என்றார் அந்த அம்மாள். "நாங்கதான் பேஜாராயி சாருகிட்ட சொல்லிட்லாம்னு சொல்வோம். அவதான் வேணாம்னுவா. சார் பெரியவரு, அவரு நடந்து வரட்டும், நான் ஓடி வந்துட்றேன்னுவா."

அந்தக் கம்பெனியில் ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற பர்சனல் ஆபீசர் என் பழைய மாணவர். போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கல்லூரி வாசலில் நான் இறங்கும்போது டிரைவர் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். "சார், அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க, வேணாங்கல. என்னிய மட்டும் இழுத்துராதீங்க. உங்கள ஏத்தினது தெரிஞ்சா என்னிய இன்னிக்கே அனுப்பிடுவாங்க. எனக்கும் புள்ளைங்க கீது சார்." அவர் கையைப் பிடித்து, உன் பேர் வராது என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? அவளுக்காக நியாயம் கேட்கப் போனால் இவருடைய வேலை போகும்.

அவளை ஒரு காலையில் கம்பெனிக்கு வரும்படி பெண்களிடம் சொல்லி அனுப்பினேன். நான் போனபோது குழந்தையோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு முன்னால் வந்தாளோ, குழந்தை தோளில் தூங்கியே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போனேன்.

மாணவர் எழுந்து நின்று வரவேற்று, தன் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். டீ வந்தது. நான் சுற்றி வளைத்துப் பேசினேன். நல்ல பெண், கைக்குழந்தைக்காரி, தெரிந்த குடும்பம், ஒரு தடவை மன்னிக்கலாம் என்றெல்லாம். சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "சார், ஒருநாள் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தேன்னு என்னைப் பீரியட் முழுக்க வராண்டாவுல நிக்க வெச்சீங்க, ஞாபகம் இருக்கா? நேரம்னா என்னன்னு அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். நீங்களே வந்து லேட்டா வந்தவளுக்குச் சிபாரிசு பண்றீங்களே!" பிறகு, "நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்வேனா?" என்று மணியை அடித்து அவளை உள்ளே கூப்பிட்டார்.

அவள் வந்து சுவரோரம் நின்றாள். நான் நாற்காலியில் இருந்தேன், கையில் டீ இருந்தது.

"சார் முகத்துக்காக உன்னைத் திரும்பச் சேத்துக்கறேன்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. ஏன் அத்தனை நாள் லேட்டு? சார் முன்னாடியே உண்மையைச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். டம்ளர் சுட்டது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சொல்லிவிடு என்று ஒரு மனம் கெஞ்சியது. சொல்லிவிடாதே என்று கெஞ்சியதும் நான்தான்.

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "சோம்பேறித்தனந்தான் சார்" என்றாள். "இனிமே சீக்கிரமா எழுந்துக்கறேன்."

மாணவர் திருப்தியாக என் பக்கம் திரும்பினார். "போதுமா சார்?"

போதும் என்றேன்.