பதினோராம் நாள் பந்து

பந்தில் காற்று எப்படி வந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? எங்கள் ஊர் ஆரணியைப் பற்றிக் கேட்க எத்தனையோ இருக்க, உன் மூக்கு அங்கேதான் நுழைய வேண்டுமா? சரி, கேட்டுத் தொலை. பாதியில் எழுந்து போனால் மீதியைச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தெருவின் கால்பந்து கிளப் வெள்ளைக்காரன் காலத்தது. ஆடியவர்கள் எல்லோரும் பட்டு நெய்கிறவர்கள். அந்தந்த வருஷம் புடவைக்குப் போட்டு எந்தச் சாயம் மிஞ்சுகிறதோ, அதில் முக்கி எடுத்ததுதான் சட்டை. துறைமுக ஊரிலிருந்து வருஷா வருஷம் ஆட வருகிற டீம், ஒரு தடவை கத்திரிப்பூ நிறச் சட்டையைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு யாருங்க?" என்று கேட்டதாம். இவர்கள் மூன்று கோல் போட்டுப் பதில் சொன்னார்களாம். தோற்ற கதையை மட்டும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

கிளப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர் யாராவது இறந்தால் பந்தின் காற்றை இறக்கி அவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கேப்டன் வந்து, வாசலில் காற்றடித்து எடுத்துப் போவார். அதுவரை யாரும் ஆடக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதில், அம்மாவின் தம்பி, கிளப்பின் கோல்கீப்பர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பந்தை அவருடைய தறியில், மாமா உட்காரும் பலகைமேல் வைத்தார்கள். வதங்கிய கத்திரிக்காய் மாதிரி கிடந்தது. அத்தை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கஞ்சி கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவாள்.

"இவளும் போய்டுவா போலகீது" என்று அம்மா அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் அத்தையைக் குளிக்க வைக்கக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் நான் மட்டும். பந்தைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்கு உடம்பு சரியில்லை, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அப்பாவின் சைக்கிள் பம்பை எடுத்துவந்து, இரண்டு கையாலும் அழுத்தி மூச்சிரைக்க அடித்தேன். அந்தக் காலத்துப் பந்து; உள்ளே காற்று நிறைந்த ரப்பர் பையின் வாயைக் கட்டி, மேலே தோலின் வாயைப் பட்டு நூலால் இழுத்து மூடி, தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். பந்து உருண்டையான பிறகுதான் பயம் வந்தது. பம்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஈரத் தலையோடு உள்ளே வந்த அத்தை பந்தைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியா" என்றாள். "பத்து நாளா எங்க சுத்திகினு இருந்த?"

பிறகு அழுதாள். தெருக்கோடி வரை கேட்க அழுதாள். சனம் கூடிவிட்டது. கேப்டன் வந்தார். பந்தை வாங்கித் திருப்பியவர், அந்த முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கையெல்லாம் பம்பின் கறுப்பு மசகு.

"நாங்க காத்தடிக்க வர்றதுக்கு முன்னாடியே உம் புருசன் ரெடியாய்ட்டாம்மா" என்றார் அத்தையிடம். "நீ எழுந்து ஜல்தி சாப்புடு."

அத்தை ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். இன்னொரு கிண்ணமும் கேட்டாள்.

அவ்வளவு பெரிய மனிதர் ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அடி விழாமல் தப்பினால் போதும் என்றுதான் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் விடுவார்களா? என்னைச் சுவரோரம் மடக்கினார்கள்.

"ஏண்டி, நீதான வூட்ல இருந்த? இன்னாடி நடந்துச்சு?"

"நான் ஒன்னும் பாக்கலக்கா" என்றேன். "தறிகிட்ட யாரோ புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு."