கீரைக்கு எதிராக ஒரு மனு

பத்து வயதில் எனக்கு முருங்கைக்கீரையோடு தீராத பகை இருந்தது. அதை மூட்டிவிட்டவர் என் பெரியம்மா. அப்போது அவர்தான் எங்கள் ஊராட்சித் தலைவர்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குக் காய்கறி வாங்குவது எங்கள் ஊரில் பஞ்சாயத்தின் பொறுப்பு. தஞ்சாவூரிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வேனில் கோஸும் கேரட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். பெரியம்மா பதவிக்கு வந்ததும் கொள்முதல் நோட்டீசில் புதிதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். வாங்குகிற காயில் பாதியாவது நம் ஊர் எல்லைக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும். அதிலும் சொந்த நிலமில்லாத பெண்கள் விளைவித்ததற்கே முதலிடம். பஞ்சாயத்து கிளார்க் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"குறைஞ்ச ரேட்டு யாரு போடுறாங்களோ அவங்களுக்குத்தாங்க கொடுக்கணும். நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"நடவும் களையெடுப்பும் இல்லாத மாசத்துல இவங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுதான்னு ஆடிட்ல கேப்பாங்களா? கேட்டா என்னைக் கைகாட்டிவிடுங்க" என்றார் பெரியம்மா.

அறுவடைக்கு மெஷின் வந்து, வயல்வேலை பாதியாகக் குறைந்திருந்த நேரம் அது. ஆறு பெண்கள் முன்வந்தார்கள். நிலமில்லாதவர்கள் எங்கே பயிர் வைப்பது? வாய்க்கால் கரையிலும் வீட்டுக் கொல்லையிலுமாகக் கீரை விதைத்தார்கள், பறங்கிக்கொடி ஏற்றினார்கள். ஏற்பாடு தை மாதம் வரைக்கும்தான். அதற்குமேல் தொடர்வதா, பழையபடி வேனையே வரச்சொல்வதா என்று குடியரசு தினக் கிராம சபையில் ஊர் கூடி முடிவுசெய்யும்.

பெரியம்மாவின் பொதுநலமெல்லாம் என் தட்டில் வந்து விழுந்தது. திங்கள் முருங்கைக்கீரை, செவ்வாய் தண்டுக்கீரை, புதன் பறங்கிக்காய், வியாழன் மறுபடியும் முருங்கைக்கீரை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோய்த் தப்பிக்கவும் வழியில்லை. தலைவர் வீட்டுப் பிள்ளை தொடாத சோற்றை ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிப் போடுவது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் தவளையும் தன் வாயால்தானே கெடும். கிராம சபையில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெரியம்மாதான். பேச்சுப்போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் நான். விடுவேனா?

எங்கள் வகுப்பில் தேன்மொழிக்குத்தான் அச்சடித்த மாதிரி கையெழுத்து. கரும்பலகையில் குறள் எழுத டீச்சர் அவளைத்தான் கூப்பிடுவார். அந்த ஆறு பெண்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர். பறங்கிக்காய் அவர்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்ததுதான். காய் போட்டதற்கான பில்லை வாராவாரம் தேன்மொழிதான் எழுதிக்கொடுப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் மனுவைச் சொல்லச்சொல்ல எழுதவைத்தபோது, இது ஒன்றுமே என் நினைவுக்கு வரவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் பழையபடி டவுன் காயே வாங்க வேண்டும். கீரையும் பறங்கிக்காயும் எங்களுக்கு வேண்டவே வேண்டாம்" என்றேன்.

அவள் பேனா நின்றது. "பறங்கிக்காயும் எழுதணுமா?"

"எழுதுடி."

எழுதினாள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பிறகு வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. அவள் மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள், மணி அடிக்கும்வரை வரவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, கடைசியில் அவள் பெயரை நானே எழுதிச் சேர்த்தேன். என் எழுத்து கோழி கிளறியதைப் போலிருக்கும்.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் சபை கூடியது. தொண்டை கிழிய மனுவைப் படித்தேன். கூட்டம் சிரித்தது. கிளார்க் கைதட்டினார். வியாபாரியின் ஆள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வாராவாரம் பில்லில் பார்த்த எழுத்தாயிற்றே. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தேன்மொழியின் அம்மாவிடம் அதை நீட்டி, "புள்ளைங்க மனு கொடுத்திருக்காங்க. நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் வரிவரியாக நகர்ந்தது. முதல் வரியிலேயே முகம் செத்துப்போயிற்று. பெயர்களின் மேல் மெதுவாக இறங்கிவந்த விரல் கடைசிப் பெயரில் நின்றது. தலையை நிமிர்த்தித் தூணுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கலங்கியிருந்த கண்ணோடு சிரித்தார்.

"எழுத்தெல்லாம் மணிமணியா இருக்கு தலைவரம்மா. கடைசிப் பேரு மட்டுந்தான் கொஞ்சம் கோணல்" என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "புள்ளைங்க கேக்குறதும் நியாயந்தான். தெனம் கீரையவே போட்டா யாருக்குத்தான் எறங்கும்? எங்களுக்கு வேற எடம் இல்ல. ஏரிக்கரையோரம் சும்மா கெடக்குற பொறம்போக்குல கொஞ்சம் விடுங்க. கத்திரி, வெண்டை, அவரை எல்லாம் போட்டுத் தர்றோம்."

இடம் கிடைத்தது. ஏற்பாடும் தொடர்ந்தது. கீரை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. ஊரே என் மனுவைப் பேசியது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஒரு நகராட்சியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பெரியம்மா சேர்த்த மாதிரியான நிபந்தனைகளை எழுதுவதுதான் என் வேலை. யாருக்கு வேலை கிடைக்கும், பணம் ஊருக்குள் நிற்குமா என்றெல்லாம் இன்று என்னால் நாள் முழுக்கப் பேச முடியும். தலைவர் வீட்டுப் பெண் எழுதச் சொன்னால், அந்தத் தலைவரிடம் காய் விற்கிற வீட்டுப் பெண்ணால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவளால் முடிந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கப் போவது ஒன்றுதான். அவள் அம்மா அதைக் காகிதத்திலேயே படித்துவிட்டார். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று எனக்கு வந்தது கோபம். அத்தனை நன்றாகப் படித்தும் என்னைப் பாராட்டாமல், ஊர் நடுவில் என் எழுத்தைக் கோணல் என்று சொல்லிவிட்டாரே! அந்த வாரம் முழுக்க இரட்டைக்கோடு நோட்டில் தேன்மொழியின் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிப் பழகினேன், அடுத்த தடவை அது அவளே போட்ட கையெழுத்து மாதிரி இருக்க வேண்டும் என்று.