மூன்றாவது டிஸ்க்

சகாயராணி பத்தொன்பது வயதில், புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள திருபுவனைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை. ஆறு வருஷம் கழித்து ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. அத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்ட இடத்தில் காட்ட அவளிடம் ஒரு காகிதம்கூட இல்லை. ஆஜர் பதிவேடு மழையில் நனைந்து வீணாகிவிட்டதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையொன்றில் சேர்ந்து தொழில் கற்றாள். இப்போது நாற்பத்து மூன்று வயதில், வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி நாலைந்து கம்பெனிகளுக்கும் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் சர்வீஸ் பார்க்கிறாள்.

திருபுவனையில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் அச்சுக் கம்பெனியிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. பேசியவர் அங்கே மேனேஜராக இருக்கும் மணிவண்ணன்.

"கேமரா சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு மேடம். ஒரு நிமிஷ வீடியோ திறக்க அரை மணி நேரம் ஆகுது."

போய்ப் பார்த்தாள். பதிவுகள் எல்லாம் மூன்று டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே தொகுப்பில் இருந்தன. ஒவ்வொரு பதிவையும் துண்டு துண்டாக்கி மூன்றிலும் மாறி மாறி எழுதும் ஏற்பாடு. மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்வதால் வேகம் கிடைக்கும். ஆனால் ஒன்று செத்தால் மற்ற இரண்டில் இருப்பதும் குப்பைதான். அவளுக்கு முன்னால் யாரோ வேகத்தை மட்டும் நினைத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்தாள். இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தாள். இரண்டு டிஸ்க்குகள் கண் இமைப்பதற்குள் பதில் சொல்லின. மூன்றாவது சில இடங்களில் ஆறு, ஏழு விநாடி எடுத்தது. மெஷினை நிறுத்தி அதன் கேபிளை மாற்றினாள். வேறு சொருகுமிடத்தில் மாட்டினாள். நோவு கேபிளோடு போகவில்லை, டிஸ்க்கோடுதான் போனது. பெட்டியருகே காதை வைத்தபோது நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும் சத்தம் அது.

"மூணாவது டிஸ்க் சாவக் கெடக்குது சார்," என்றாள். "மத்த ரெண்டும் அதுக்காகக் காத்துக்கினு நிக்குது. அதான் ஸ்லோ."

"அப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புது டிஸ்க் போட்டுடுங்க."

"பழைய பதிவெல்லாம் போயிடுமே சார்."

"போனா போவுது."

அவர் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்தது. போன மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நாலாம் நம்பர் மெஷினில் நடந்ததன் கேமரா பதிவை ஒப்படைக்கும்படி கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த மெஷினில் பாகூர்க்காரன் செல்லப்பனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின என்பது திருபுவனை முழுக்கத் தெரிந்த சங்கதி. ஓடுகிற மெஷினில் அவனாகவே கையை விட்டான் என்றது கம்பெனி. கதவைத் திறந்தாலே மெஷின் நிற்க வேண்டும், அதற்கான சென்சாரை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள் என்றான் அவன்.

சகாயராணி கடிதத்தைப் பார்த்ததை மணிவண்ணன் கவனித்தார். அவள் பையிலிருந்து சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தாள். எழுதினால் அடியில் நகல் விழும் புத்தகம்.

"அழிக்கறன் சார். ஆனா டிஸ்க் இன்னும் உசுரோட இருக்குது, காப்பி எடுக்கலாம்னு நான் சொன்னேன், நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு எழுதறன். கீழ கையெழுத்துப் போடுங்க."

மணிவண்ணன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். அவருக்கும் மேலே சென்னையில் ஆட்கள் இருந்தார்கள்.  பிறகு கேமரா ரூம் சாவியை மேசைமேல் வைத்தார்.

"நான் லைனுக்குப் போறேன். நீங்க செய்யறதச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் கேமராக்களைத் தற்காலிகமாக வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினாள். பழைய தொகுப்பில் இனி ஓர் எழுத்தும் விழக் கூடாது. நோய்ப்பட்ட டிஸ்க்கைத் தனியே கழற்றி, அதே அளவுள்ள புது டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டாள். நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும்படி வைத்தாள். புதன்கிழமை மத்தியானம்தான் முடிந்தது. கொஞ்சம் போயிருந்தது, பெரும்பாலும் வந்திருந்தது. பழையதன் இடத்தில் நகலை மாட்டினாள். தொகுப்பு சட்டென்று திறந்தது.

பதிவு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்தில் கேட்ட தேதியைத் திறந்தாள்.

செல்லப்பன் ஒல்லியாக, நீலச் சட்டையில் நின்றிருந்தான். மெஷின் கதவு திறந்திருந்தது. திறந்த கதவோடே அச்சு இறங்கி ஏறியது. கதவு ஓரத்தில் வெள்ளை டேப் பளிச்சென்று தெரிந்தது. அச்சில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கை எடுக்க அவன் குனிந்தான். அந்த இடத்தில் படம் உறைந்து நின்றது. பதினோரு விநாடி இல்லை. மறுபடி ஓடியபோது ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

 சகாயராணி அந்தப் பதிவை ஒரு சின்ன டிஸ்க்கில் ஏற்றி மணிவண்ணனிடம் கொடுத்தாள். எந்தத் தேதி, எத்தனை விநாடி போனது, எது தெரிகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். இந்த முறை அவர் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. டிஸ்க் கெட்டுப்போய்ப் பதிவு அழிந்துவிட்டதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. சர்வீஸ் பார்த்தது யார் என்று அதிகாரி கேட்டிருந்தார்.

"பதிவு அழிஞ்சுதாம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. நான் பாத்தேன்." ரிப்போர்ட்டின் நகலை நீட்டினாள்.

கம்பெனி வக்கீல் எழுந்து, இவள் வெறும் மெக்கானிக், ஏதோ எழுதியிருக்கிறாள் என்றார். மணிவண்ணன் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே தன் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த சின்ன டிஸ்க்கை எடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தார். வக்கீல் அவரைத் திரும்பிப் பார்த்தார். மணிவண்ணனின் தலை குனிந்திருந்தது.

விசாரணை முடிந்து அவள் வெளியே வந்தபோது, எதிரே இருந்த டீக்கடையில் செல்லப்பனும் அவன் மனைவி தனக்கொடியும் நின்றிருந்தார்கள். அவன் கிளாஸை இடது கையில் பிடித்திருந்தான்.

"அக்கா, நீங்க பாத்தீங்களா அத?" என்றாள் தனக்கொடி.

"பாத்தேம்மா."

செல்லப்பன் கிளாஸைக் கீழே வைத்தான். "கை மாட்டுனது தெரியுதா?"

"இல்ல. அந்த எடம் மட்டும் வரல. எவ்ளோ முயற்சி பண்ணியும் வரல."

அவன் தலையை ஆட்டினான். "அது வராததே நல்லதுக்கா. நாளைக்கு எம்பொண்ணு எதுலனா பாத்துட்டா இன்னா பண்றது."

தனக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னாள்.

தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. விரல்கள் வரவில்லை. சட்டைப் பொத்தானைத் தனக்கொடிதான் போட்டுவிடுகிறாள். அவன் பாகூர் ஏரிக்கரை ஓரமாக ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறான். மணிவண்ணன் அந்த வருஷக் கடைசிவரைகூட அங்கே இல்லை. அவரை வேலையை விட்டு எடுத்தார்களா, அவராகப் போனாரா என்று சகாயராணிக்குத் தெரியாது. ஒருமுறை போன் செய்து பார்த்தாள்; நம்பர் உபயோகத்தில் இல்லை.

அந்தக் கம்பெனி அவளை மறுபடி கூப்பிடவில்லை. அவர்களைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனி ஒன்றும் நிறுத்திக்கொண்டது. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காலையில் அந்தச் சாலை வழியாகத்தான் போகிறாள். அந்தக் கம்பெனியின் கேட் வாட்ச்மேன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, கையைத் தூக்குகிறார். அவளும் ஹாண்டிலிலிருந்து கையை எடுத்துக் காட்டிவிட்டுப் போகிறாள்.